தலையணையை அணைத்துக்கொண்டு சிரிப்பது

நோயாளி சிரித்துவிட்டால் பார்க்கப் போனவர்களுக்கு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகும் என்ன பேசுவதென்று தெரிவதில்லை. ஃபேன் சுற்றுவதைப் பார்க்கிறோம், சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸைப் பார்க்கிறோம், சாப்பாடு இங்கேயே தருகிறார்களா என்று கேட்கிறோம். அந்த நேரத்தில் படுத்திருக்கிறவரே ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிட்டால் போதும், எல்லாருக்கும் மூச்சு வந்துவிடுகிறது. வெளியே வந்து லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது 'மனுஷனுக்கு என்ன தைரியம் பாத்தியா' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஆறுதல் சொல்லப் போனவர்கள் ஆறுதலை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம் என்பது லிஃப்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. என் மாமாவின் கட்டிலருகே நின்று 'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற இடுக்கணழியாமை அதிகாரத்தின் முதல் குறளை ஒப்பித்தவர்கள் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். வள்ளுவர் அதைத் துன்பப்படுகிறவனுக்குத்தான் சொன்னார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவன் அதை எடுத்து நீட்டும்போது அது ஒரு கோரிக்கையாகிவிடுகிறது: தயவுசெய்து சிரித்துவிடுங்கள், நாங்கள் கிளம்ப வேண்டும்.

மாமா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரைக்காரர், எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவர். மலத்தில் ரத்தம் போவதை மட்டும் அவர் நேராகவும் சொல்லவில்லை, கோணலாகவும் சொல்லவில்லை. பல மாதங்கள் அது உடம்புச் சூடாக இருந்தது. மோரும் ஊறவைத்த வெந்தயமும் குடித்தார். பிறகு அது மூலம் ஆனது, துத்தி இலை வதக்கிக் கட்டினார். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களைச் சுற்றி 'மூலம் பௌத்திரம்' என்று எழுதிய பலகைகள் எத்தனை தொங்குகின்றன என்று அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அந்தப் பலகைகள் தொங்கும் மாடிப்படிகளில் ஏறுகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். மாமாவுக்கு எடை குறைந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் போன பிறகு கொலனோஸ்கோப்பி வரைக்கும் வந்தோம். குடலைக் கழுவ எலுமிச்சை மணம் போட்ட உப்புத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கவைத்தார்கள். கட்டி மலக்குடலில், ஆசனவாய்த் தசையை ஒட்டி, மிகவும் கீழே இருந்தது. அப்படி இருந்தால் பெரும்பாலும் ஒரு வழிதான். 1908இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த முறை அது: ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, அடியில் தைத்து மூடி, பெருங்குடலின் நுனியை இடப்பக்க வயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து வைப்பது. ஆயுள் முழுக்க அங்கே ஒரு பை ஒட்டியிருக்கும். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தை நிதானமாகப் பார்த்தார். "அப்ப பின்வாசலை அடைச்சுட்டு முன்பக்கம் ஒண்ணு தெறக்கப் போறீங்க. வாஸ்து பாத்துட்டீங்களா டாக்டர்?" என்றார். டாக்டர் சிரித்தார், பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் அந்த வாஸ்து சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டது. மலக்குடல் என்று வாயால் சொல்ல முடியாதவர்கள் வாஸ்து என்று சொல்லிவிட முடிந்தது. செய்தி அப்படித்தான் ஏறிப் போனது.

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்ட ஆள் ஜே.பி.எஸ். ஹால்டேன். மரபியலில் பெரிய பெயர். உயர் அழுத்த அறைகளில் தன்னையே அடைத்துக்கொண்டு சோதனை செய்தவர். அதில் செவிப்பறை ஓட்டையானால் காது வழியாகப் புகைவிட்டுக் காட்டலாம், நாலு பேர் கூடுகிற இடத்தில் அது ஒரு திறமைதானே என்ற ரீதியில் எழுதியவர். 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார், 1961இல் இந்தியக் குடிமகனானார், பிறகு புவனேஸ்வரில் தங்கிவிட்டார். 1963இன் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் போயிருந்தபோது வயிற்று வலி, லண்டனில் பரிசோதித்ததில் மலக்குடல் புற்று, அறுவை, வயிற்றில் துளை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே 'கேன்சர்ஸ் எ ஃபன்னி திங்' என்று ஒரு கவிதை எழுதினார். 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழின் 1964 பிப்ரவரி 21 வெளியீட்டில் அது வந்தது. எதுகையெல்லாம் வேண்டுமென்றே கோமாளித்தனமாக இருக்கும். ஹோமரையும் ரோமானியரின் இருமுகத் தெய்வத்தையும் தன் ஆசனவாய்க்குத் துணையாகக் கூப்பிடுவார். நடுவில் வாத்தியார் மாதிரி, சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் சீக்கிரம் டாக்டரிடம் போ என்பார். முதலில் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது. பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் அறுவை பலித்துவிட்டது என்ற நம்பிக்கையில் எழுதிய கவிதை அது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி அந்த நோயாலேயே புவனேஸ்வரில் இறந்துபோனார். உடலைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். தான் போன பிறகு ஒளிபரப்புவதற்காகப் பி.பி.சி.க்குத் தன் இரங்கலுரையைத் தானே பேசிக்கொடுத்துவிட்டும் போனார். அப்படியானால் பிப்ரவரியில் சிரித்தது என்ன ஆயிற்று? ஏமாந்த சிரிப்பா? பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. டிசம்பரில் தெரிந்த முடிவை வைத்துக்கொண்டு பிப்ரவரியின் சிரிப்பைத் திருத்துவதற்கு நமக்கு என்ன உரிமை? பிழைத்தால்தான் செல்லும் என்று அவர் எந்த எதுகையிலும் எழுதவில்லை.

அதனால்தான் என் மாமாவுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை. நன்றாக இருக்கிறார் என்றால் சிரித்ததால் பிழைத்தார் என்று படிப்பீர்கள். இல்லை என்றால் பாவம், அந்தக் கடைசி நாட்களிலும் எப்படிச் சிரித்தார் பாருங்கள் என்று படிப்பீர்கள். இரண்டுமே அவருக்குப் பிடிக்காது. சிரிப்பு நோயைத் துரத்தும் என்று அவர் நம்பியதில்லை, ஆய்வுகளும் அதற்குத் துணை வரவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்த 578 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. போராடும் மனநிலை இருந்தவர்கள் அதனால் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று அது சொன்னது. மார்பகப் புற்று உடம்பெங்கும் பரவிவிட்ட 235 பெண்களைப் பற்றி 2001இல் இன்னொன்று. குழுவாகக் கூடிப் பேசியவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, ஆனால் மனச்சோர்வும் வலியின் உறைப்பும் குறைந்தன. இந்த இரண்டாவது முடிவை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஒரு நாள்கூடக் கூடவில்லை, இருக்கிற நாளில் வலி கொஞ்சம் குறைந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சிறிய லாபம்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது சிறியதாகத் தெரியாது.

இந்த நோயில் சிரிப்பு மோத வேண்டியிருப்பது சாவோடு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சாவோடு மோத வேண்டுமென்றால் எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி ஜோக்தான் வந்திருக்க வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டுவதைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடைப்பு எத்தனை சதவீதம் என்பதைச் சம்பளம் சொல்வதுபோல் சொல்வார்கள். குடலுக்கு, அதுவும் அதன் கடைசிச் சாணுக்கு, அந்த மரியாதை கிடையாது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920களின் தொடக்கத்தில் இறந்தது மலக்குடல் புற்றுநோயால்தான். அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. மருத்துவமனையைத் தெரிந்த அளவுக்கு அது எந்த உறுப்பில் வந்த நோயிலிருந்து பிறந்தது என்பது நமக்குத் தெரியாது. மேடையில் அதை யார் சொல்வார்கள்? இங்கிலாந்தில் டெபோரா ஜேம்ஸ் என்ற பள்ளித் துணைத் தலைமையாசிரியைக்கு 35 வயதில், 2016 டிசம்பரில், முற்றிய குடல் புற்று என்று தெரிந்தது. மலக்குவியல் எமோஜி வேஷம் போட்டுக்கொண்டு ஆடினார், தினமும் உங்கள் மலத்தைப் பாருங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார். 2022 ஜூன் 28இல் இறந்தார். உண்மையைச் சொன்னால் அந்த ஆட்டத்தை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை, கொஞ்ச நேரத்தில் களைத்துவிடுகிறது. ஆனால் அவர் எதை எதிர்த்து ஆடுகிறார் என்பது புரிகிறது. அந்த மாடிப்படியில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறுகிறார்களே, அதை எதிர்த்து.

வார்டுக்குள் போய்விட்டால் அந்தக் கூச்சம் தலைகீழாகிவிடும். வயிற்றைத் திறந்து மூடிய பிறகு குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், பின்னால் பயிற்சி மருத்துவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஃபைல் தூக்கிய நர்ஸ்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரே கேள்வி: "காத்துப் பிரிஞ்சுதா?" அடுத்த கட்டிலில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பிரேயரில் எவனாவது காற்றுவிட்டால் பிரம்பெடுத்திருக்கக்கூடிய முகம். மூன்று நாள் அந்தக் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டினார். நான்காம் நாள் அதிகாலையில் அது வந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. எதிர்க் கட்டில் அட்டெண்டர் எழுந்து உட்கார்ந்து "சார், வந்துருச்சு போல" என்றார். ஆறு மணிக்கு வார்டு முழுக்கத் தெரியும். ஏழு மணிக்கு அவருடைய மனைவி ஃபோனில் மகளிடம் பரீட்சை முடிவு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் காற்று பைக்குள்தான் வரும் என்பதால் அவரிடம் கேள்வி வேறு: பை ஊதியிருக்கா? "அவரு சத்தமா பாஸ் பண்ணாரு, நான் ப்ரைவேட்டா எழுதிட்டு இருக்கேன்" என்றார் மாமா. சொல்வதற்கு முன்பு தலையணையை எடுத்து வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். இருமும்போது தையலுக்கு அணைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் கொடுத்த தலையணை அது. வயிற்றில் நெஞ்சுக்குழிக்குக் கீழிருந்து தையல் போட்டவனுக்கு இருமலும் சிரிப்பும் ஒரே வலிதான். அதனால் மாமாவின் கை தலையணையைத் தேடினால் ஜோக் வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்கு அது வெறும் தலையணை. ஒவ்வொரு ஜோக்குக்கும் அவர் முன்பணம் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை இப்போது எழுதும்போது நினைத்துப் பார்க்கிறேன். வந்தவர்களுக்காக அந்தப் பணத்தைக் கட்டினாரா, தனக்காகவா? முதலில் வந்தவர்களுக்காக என்றுதான் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

அடித்ததற்குக் காரணம் ஒரு ராத்திரி. நான் அட்டெண்டராகக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தபோது, "மாப்ள, நாத்தம் அடிக்குதாடா?" என்றார். கிண்டல் துளியும் இல்லாத குரல். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. "இல்ல மாமா" என்றேன். கொஞ்சம் அடிக்கத்தான் செய்தது. அவருக்கும் அது தெரியும், இல்லை என்று நான் சொல்லுவேன் என்பதும் தெரியும். அதோடு பேச்சு நின்றுபோயிற்று. மறுநாள் காலையிலிருந்து பைக்குச் சம்பந்தி என்று பெயர். கேட்காமல் வருவார், வந்தால் சத்தம் போடுவார், நாம் முகம் சுளிக்கக் கூடாது. "சம்பந்தி வந்த வாசம் அடிக்குதா?" என்று பட்டப்பகலில், எல்லார் முன்னாலும் கேட்டார். "ஆமா மாமா, கொஞ்சம்" என்று சொல்ல முடிந்தது. பையை மாற்ற ஆள் வந்தது. ராத்திரி கேட்ட அதே கேள்விதான், ஆனால் ராத்திரி அதற்கு உண்மையான பதில் கிடைக்கவில்லை. தைரியம் என்று லிஃப்டில் பேசிக்கொள்கிறோமே, அது இங்கே எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உதவி கேட்கத் தெரியாத ஒரு மனிதர் உதவி கேட்பதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதே ஏற்பாடு சில நேரம் ஆளை அண்டவிடாமல் தடுக்கவும் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய மகள் சென்னையிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழ நினைத்தபோதெல்லாம் அவருடைய கை தலையணைக்குப் போனது. அந்தப் பெண் அழாமலே ஊருக்குத் திரும்பினாள். அதை ஆறுதல் என்று எப்படிச் சொல்வது?

அத்தை மட்டும் எதற்கும் சிரிக்கவில்லை. வாஸ்துவுக்கும் இல்லை, சம்பந்திக்கும் இல்லை. முதலில் அத்தைக்கு இது பிடிக்கவில்லை என்று நினைத்தேன், பிறகு பயம் என்று நினைத்தேன். பையை மாற்றுவது அத்தையின் வேலை. காலையில் காபிக்கு முன்னால், குடல் அதிகம் அசையாத நேரத்தில் மாற்ற வேண்டும் என்று, வயிற்றுத் துளைக்கென்றே இருக்கும் ஸ்டோமா நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். அறுவைக்கு முதல் நாள் மாமாவை உட்காரவைத்து, குனியவைத்து, நிற்கவைத்து, வேட்டியை எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டு, வயிற்று மடிப்புக்கும் கட்டுக்கும் தப்பிய ஓர் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தவரும் அவர்தான். குடலின் நுனி செக்கச்செவேலென்று, உதட்டின் உட்புறம் மாதிரி ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசியும், முதல்முறை பார்க்கிறவருக்குக் குலை நடுங்கும். அதன் அளவைப் பார்த்து, ஒட்டும் தட்டில் ஓட்டையை மிகச் சற்றே பெரிதாக வெட்ட வேண்டும். அதிகம் விட்டால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். சுற்றியுள்ள தோலை ஈரமில்லாமல் ஒற்றியெடுத்து, தட்டை உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து ஒட்ட வேண்டும். அத்தை இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது மாமா மேலே பார்த்தபடி பேசிக்கொண்டே இருப்பார், நாங்கள் சிரித்துக்கொண்டே இருப்போம். ஒரு நாள் கேட்டுவிட்டேன். "சிரிப்பாத்தான் இருக்கு தம்பி. சிரிச்சா கை ஆடுதுல்ல, ஒட்ட மாட்டேங்குது" என்றார் அத்தை. அவ்வளவுதான். நான் கட்டிவைத்திருந்த விளக்கமெல்லாம் அந்த இடத்தில் காலி.

டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்றொரு செவிலி இருந்தார். அவருடைய சகோதரி தோராவுக்குக் குடல் அறுவை நடந்து வயிற்றில் துளை வைத்த பிறகு, கசிந்துவிடுமோ என்று தோரா வெளியே போகவே பயந்து வீட்டுக்குள் கிடந்தார். அதைப் பார்த்துத்தான் 1954இல், தோலில் ஒட்டிக்கொள்ளும், கழற்றித் தூக்கிப்போடக்கூடிய பை ஒன்றை எலிஸ் யோசித்தார். அதற்கு முன்பு துணியையும் பெல்ட்டையும் உலோகக் கிண்ணத்தையும் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பிளாஸ்டிக் தொழிலதிபர் ஒருவர் முதலில் ஆர்வம் காட்டவில்லை. செவிலிப் பயிற்சி பெற்ற அவருடைய மனைவி வற்புறுத்திய பிறகு செய்யச் சம்மதித்தார். இன்று அத்தையின் உள்ளங்கையில் சூடேறும் தட்டு அந்த வழியில் வந்ததுதான். இதில் எங்கேயும் ஒரு ஜோக்கைக் காணவில்லை. சகோதரி, சகோதரிக்காக. ஹால்டேனின் கவிதையைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவேன், இவர்களைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. சிரிக்கவைத்தவரை நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். துணையிருந்தவரைப் பற்றிச் சொல்ல வந்தால் வேலைகளின் பட்டியல்தான் மிஞ்சுகிறது. ஒற்றினார், வெட்டினார், ஒட்டினார், அலசினார்.

பை வைத்திருக்கிறவர்களின் கூட்டம் ஒன்று மாதம் ஒருமுறை ஒரு மருத்துவமனையின் மாடியில் நடக்கும். மாமாவோடும் அத்தையோடும் ஒருமுறை போனேன். தைரியம் என்று யாரும் வாயெடுக்கவில்லை. பீட்ரூட் தின்றுவிட்டு மறுநாள் பையைப் பார்த்து ரத்தம் என்று ஆட்டோ பிடித்து ஓடிவந்த கதையை ஒருவர் சொன்னார், அதே கதை இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது. முட்டைக்கோஸ், வெங்காயம், மொச்சை பற்றி நீண்ட விவாதம். பெருங்குடலில் துளை வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் பை இடப்பக்கம், சிறுகுடலில் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் வலப்பக்கம். அதனால் அங்கே இடதுசாரிகள், வலதுசாரிகள் என்று இரண்டு கட்சி. மாமா வாசலிலேயே மெம்பர்ஷிப் கேட்டார். அவருடைய கை தலையணையைத் தேடவில்லை, அதற்குள் தையல் ஆறியிருந்தது. அவர் சொன்னதற்குப் பெரிதாக யாரும் சிரிக்கவும் இல்லை, அங்கே எல்லாருமே அந்த மாதிரி பேசுகிறவர்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், ரொம்ப நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தைதான் சிரித்தார், கையில் ஒன்றும் இல்லாததால் இருக்கலாம். பஸ்ஸில் எங்கே உட்காருவது என்று பேச்சு வந்தது. இடதுசாரி என்றால் இடப்பக்க வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்தால் பையில் யாரும் இடிக்க மாட்டார்கள் என்றார் தையல்காரர் ஒருவர். சன்னலோரம் உட்கார்ந்தால் அவசரத்துக்கு எழுந்து வர முடியாது என்றார் இன்னொருவர். "பெரியார் பஸ் ஸ்டாண்டுல மொதல்ல சீட்டு கெடைக்கட்டும்ண்ணே" என்றார் பூக்கட்டும் அம்மா. பிறகு யாரோ நிலக்கடலை சாப்பிடலாமா என்று கேட்டார்கள். வலதுசாரிகள் வேண்டாம் என்றார்கள், அடைத்துக்கொள்ளுமாம். இடதுசாரிகள் நன்றாக மென்றால் போதும் என்றார்கள்.